தூய மின்சாரமும் தொடர் மின்சாரமும்

வீட்டில் நல்ல ஆடியோ செட் வைத்திருப்பவர்களுக்கு மின்சாரத்தால் இரண்டு கவலைகள் வருகின்றன. வருகிற கரண்ட் சுத்தமாக இல்லையே என்பது முதல் கவலை. எப்போது போகும் என்று தெரியவில்லையே என்பது அடுத்தது. இரண்டுக்கும் மருந்தாக ஒரே பெட்டியைத் தேடுகிறவர்களே அதிகம். கடைக்காரரும் அப்படி ஒன்றைக் காட்டத் தயாராகவே இருக்கிறார். ஆனால் அலையைத் திருத்தும் வேலை வேறு, அறுபடாமல் பார்த்துக்கொள்ளும் வேலை வேறு. பவர் ரீஜெனரேட்டர் என்று விற்கப்படும் கருவிகளில் பெரும்பாலானவற்றில் பேட்டரியே இருக்காது. கரண்ட் போனால் அவையும் அணைந்துவிடும். இன்வெர்ட்டரில் பேட்டரி உண்டு. ஆனால் கரண்ட் இருக்கும்வரை அது வருவதை அப்படியே கடத்துகிறதே தவிர எதையும் திருத்துவதில்லை. நம் வீடுகளில் பெரும்பாலான செட்டுகளுக்குத் தேவை பாதுகாப்பும் தொடர்ச்சியும்தான், அலையை மறுபடி உருவாக்குவது மிகச் சில கருவிகளுக்கு மட்டுமே உண்மையில் பயன்படுகிறது, அந்தச் சிலவும் மிகக் குறைந்த வாட் தின்பவை என்பதுதான் இந்த அத்தியாயத்தின் வாதம். காசை எந்த வரிசையில் செலவிடுவது என்பது இதிலிருந்து தானாகவே கிடைத்துவிடும்.

ரீஜெனரேட்டர் என்ன செய்கிறது என்று முதலில் பார்ப்போம். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்னை டிரான்ஸ்ஃபார்மரில் இறக்கி, டயோடுகளால் நேர்மின்னாக்கி, பெரிய கெபாசிட்டர்களில் தேக்குகிறது. பிறகு உள்ளேயே ஒரு சிறிய சுற்று 50 ஹெர்ட்ஸ் சைன் அலையைத் துல்லியமாக உருவாக்குகிறது. அந்த அலையை ஒரு பவர் ஆம்ப்ளிஃபையர் 230 வோல்ட் அளவுக்கு உயர்த்தி வெளியே அனுப்புகிறது. ஸ்பீக்கருக்குப் பதிலாக உங்கள் செட்டையே சுமையாக ஏற்றிக்கொண்ட ஆம்ப்ளிஃபையர் என்று இதைச் சொல்லலாம். அமெரிக்காவின் பிஎஸ் ஆடியோ நிறுவனம் 1990களின் இறுதியில் பவர் பிளான்ட் பி300 என்ற பெயரில் கொண்டுவந்த 300 வாட் கருவிதான் இந்த எண்ணத்தை ஆடியோ உலகில் பரப்பியது. மின்வாரியத்தின் அலையில் மூன்று, நான்கு சதவீதம் ஹார்மோனிக் சிதைவு இருப்பது சாதாரணம்; குறைந்த அழுத்த இணைப்புகளுக்கான உலகத் தரங்கள் எட்டு சதவீதம் வரை பொறுத்துக்கொள்கின்றன. நல்ல ரீஜெனரேட்டரின் வெளியீட்டில் அது ஒரு சதவீதத்துக்கும் கீழே இறங்கும். அளந்து பார்த்தால் இது மறுக்க முடியாத உண்மை. கேள்வி அதற்கு அடுத்த கட்டத்தில்தான் எழுகிறது: சுவரில் இருக்கும் சிதைவு குறைந்ததால் ஸ்பீக்கரில் என்ன குறைந்தது?

உங்கள் ஆம்ப்ளிஃபையரின் பின்மூடியைத் திறந்தால் அங்கேயும் ஒரு டிரான்ஸ்ஃபார்மர், டயோடுகள், பெரிய கெபாசிட்டர்கள் இருக்கும். ரீஜெனரேட்டர் தன் அலையைச் சுத்தமாக வைத்திருக்க நம்பியிருப்பதும் இதே அமைப்பைத்தான். அசுத்தமான சுவர் மின்சாரத்தை வைத்துக்கொண்டு இந்த அமைப்பால் ரீஜெனரேட்டருக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபையரைச் சரியாக இயக்க முடிகிறது என்றால், உங்கள் ஆம்ப்ளிஃபையரை மட்டும் ஏன் இயக்க முடியாது? எண்களும் இதையே சொல்கின்றன. ஆடியோ சுற்றுகளில் மிகப் பரவலாகப் பயன்படும் எல்எம்317 ரெகுலேட்டர், அதன் சரிசெய்யும் காலில் 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வைத்தால், உள்ளே வரும் சலனத்தை 80 டெசிபெல், அதாவது பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கிறது. அதற்குப் பின்னால் நிற்கும் என்இ5532 போன்ற ஆப்-ஆம்ப், சப்ளையில் மிஞ்சிய சலனத்தை மேலும் 100 டெசிபெல் அளவுக்குத் தள்ளிவிடுகிறது. சப்ளையில் ஒரு வோல்ட் சலனம் இருந்தாலும் சிக்னலில் அது ஒரு நானோவோல்ட் அளவுக்குச் சுருங்கிவிடும். அதே சுற்றில் இருக்கும் ஒரு சாதாரண ஆயிரம் ஓம் ரெசிஸ்டர், வெறும் வெப்பத்தால் மட்டுமே, கேட்கும் அலைவரிசை முழுவதிலும் சேர்த்து அரை மைக்ரோவோல்ட்டுக்கும் அதிகமான இரைச்சலை எழுப்புகிறது. அதாவது சப்ளையின் மிச்சம் அதைவிடப் பல நூறு மடங்கு சிறியது. நன்றாக வடிவமைக்கப்பட்ட கருவி தன் மின்சாரத்தைத் தானே கழுவிக்கொள்கிறது.

இதற்கு வரும் முதல் மறுப்பு நியாயமானது: பவர் ஆம்ப்ளிஃபையரின் இறுதிக் கட்டத்துக்கு ரெகுலேட்டர் இருப்பதில்லையே, சுவரில் வோல்டேஜ் இறங்கினால் ஒலியும் சுருங்காதா? சுருங்கும். ஆனால் எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். மின்வாரியம் தர வேண்டியது 230 வோல்ட், ஆறு சதவீதம் கூடக்குறைய. ஏறத்தாழ 216 முதல் 244 வரை. மாலையில் எல்லா வீட்டிலும் சுமை ஏறும் நேரத்தில் அது 200க்கு இறங்கியதாக வைத்துக்கொள்வோம். 50 வாட் ஆம்ப்ளிஃபையரின் உச்சத் திறன் அப்போது சுமார் 38 வாட் ஆகும். கேட்க இது பெரிய இழப்பாகத் தெரிகிறது. காதின் கணக்கில் 1.2 டெசிபெல்தான். அந்த இழப்பும் ஆம்ப்ளிஃபையரை அதன் எல்லைவரை முறுக்கும்போது மட்டுமே வெளிப்படும். சாதாரண வரவேற்பறையில் பாடலைக் கேட்கும்போது ஸ்பீக்கருக்குப் போகும் சராசரித் திறன் ஒரு வாட்டை ஒட்டித்தான் இருக்கும். ஒலியின் அளவைத் தீர்மானிப்பது ஃபீட்பேக் சுற்று. சப்ளை வோல்டேஜ் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் அது மாறாது. அலையின் உச்சி தட்டையாகிப்போன குறையைச் சரிசெய்தாலும் இதே கதிதான்: ஐந்து சதவீதம் உச்சம் கூடினால் கிடைப்பது 0.4 டெசிபெல். தினமும் 180க்குக் கீழே இறங்கும் ஊரில் இந்தக் கணக்கு மாறும் என்பது உண்மை. ஆனால் அங்கே வேண்டியது ஸ்டெபிலைசர். அதைவிட முக்கியம், மின்வாரிய அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்துப் பதிவு செய்த புகார்.

இரண்டாவது மறுப்பு இதைவிட ஆழமானது. ரெகுலேட்டர்களின் திறமை குறைந்த அலைவரிசைகளில்தான்; எல்இடி விளக்கு, இண்டக்‌ஷன் அடுப்பு, ஃபேன் ரெகுலேட்டர் எழுப்பும் உயர் அலைவரிசை இரைச்சல் அவற்றைத் தாண்டி உள்ளே புகுந்துவிடும் என்கிறார்கள். புகும் என்பது சரி. எந்த வழியாகப் புகுகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். அந்த இரைச்சலில் பெரும்பகுதி எர்த் கம்பி வழியாகவும், டிரான்ஸ்ஃபார்மர் சுருள்களுக்கு இடையிலுள்ள மின்தேக்கம் வழியாகவும், கருவிகளை இணைக்கும் சிக்னல் கம்பிகளின் உறை வழியாகவும் வருகிறது. ரீஜெனரேட்டர் பாதுகாப்புக்காக எர்த் கம்பியை உடைக்காமல் நேராகக் கடத்தியே ஆக வேண்டும். ஆகவே அந்தப் பாதை திறந்தேதான் கிடக்கும். இதற்கு மலிவான வழிகள் இருக்கின்றன. டிரையாக் வகை ஃபேன் ரெகுலேட்டரை எடுத்துவிட்டு, படிப்படியாகத் திருகும் கெபாசிட்டர் வகையைப் போடலாம். சுவிட்சைப் போட்டதும் பழைய ஏஎம் ரேடியோவில் கேட்கும் ‘உர்ர்’ நின்றுவிடும். செட்டுக்கு வடிகட்டி பொருத்திய எக்ஸ்டென்ஷன் போர்டு, கம்பிகளுக்கு ஃபெரைட் வளையம், டிவிக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவே ஆப்டிகல் கம்பி, இவை மூன்றும் சேர்ந்தே ஒரு ரீஜெனரேட்டர் விலையில் சிறு பங்குகூட ஆகாது.

நம் ஊரில் “கரண்ட் சரியில்லை” என்று சொல்லப்படும் ஹம் ஓசைகளில் பெரும்பான்மை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். டிவிக்கு வரும் கேபிள் வயரின் உறை எங்கோ ஒரு கம்பத்தில் எர்த் ஆகியிருக்கும். ஆம்ப்ளிஃபையர் உங்கள் வீட்டு எர்த்தில் நிற்கும். இரண்டுக்கும் இடையிலுள்ள சிறு வோல்டேஜ் வித்தியாசம் சிக்னல் கம்பி வழியாக ஓடி ஸ்பீக்கரில் ஹம் ஆகிறது. கேபிளைப் பிடுங்கியதும் ஹம் நின்றால் குற்றவாளி பிடிபட்டுவிட்டது. கருவிகள் அனைத்தையும் ஒரே ப்ளக் பாயிண்ட்டிலிருந்து பிரியும் ஒரே போர்டில் செருகுவது பாதி வீடுகளில் பிரச்சினையைத் தீர்த்துவிடும். ஹம் ஸ்பீக்கரில் கேட்காமல் ஆம்ப்ளிஃபையர் பெட்டியிலிருந்தே வந்தால் அது வேறு நோய்: மாறுமின்னோடு கலந்த சிறிதளவு நேர்மின் டொராய்டல் டிரான்ஸ்ஃபார்மரை முனக வைக்கிறது, அதற்கு டிசி பிளாக்கர் என்ற சிறு சுற்று போதும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஹம் போவதற்காக மூன்று பின் ப்ளக்கின் எர்த் பின்னை உடைப்பதும், இரண்டு பின் அடாப்டரில் செருகுவதும் உயிரோடு விளையாடும் காரியம். ஓசை நிற்கலாம், ஆனால் உள்ளே ஒரு கம்பி தளர்ந்து பெட்டியைத் தொட்ட நாளில் அந்தப் பெட்டியைத் தொடுபவரைக் காக்க எதுவும் இருக்காது.

“ராத்திரி பதினோரு மணிக்குக் கேட்டால் செட் வேறு மாதிரி பாடுகிறது, அது சுத்தமான கரண்ட்டால் இல்லாமல் வேறு எதனால்?” என்று கேட்பவர்கள் பலர். அவர்கள் கேட்பது பொய் இல்லை. அந்த நேரத்தில் தெருவில் வண்டி ஓடவில்லை, பக்கத்து வீட்டு மிக்சி ஓடவில்லை, வீட்டில் யாரும் பேசவில்லை. அறையின் பின்னணி இரைச்சல் பத்து டெசிபெல் குறைந்தாலே, பகலில் அமுங்கிப்போன தம்புராவின் கார்வையும் பாடகரின் மூச்சும் எழுந்து வரும். கரண்ட் மாறியதா, அறை மாறியதா என்று பிரித்தறிய எளிய வழி உண்டு. பகலில் பாட்டை நிறுத்திவிட்டு, வால்யூமை வழக்கமான இடத்திலேயே வைத்து, ட்வீட்டருக்கு அருகில் காதைக் கொண்டுபோங்கள். ஒரு கை தூரத்தில் எதுவும் கேட்கவில்லை என்றால், ரீஜெனரேட்டர் நீக்கித் தருவதற்கு அங்கே இரைச்சலே இல்லை. இன்னும் சந்தேகம் இருந்தால், வாங்குவதற்கு முன் கருவியைச் சில நாட்களுக்கு இரவலாகக் கேளுங்கள். அது இணைந்திருக்கிறதா இல்லையா என்று உங்களுக்குச் சொல்லாமல் வீட்டில் ஒருவரை மாற்றி மாற்றிப் போடச் சொல்லி, ஒவ்வொரு தடவையும் உங்கள் முடிவைத் தாளில் குறித்து வையுங்கள். இருபது தடவையில் பதினைந்துக்குக் குறையாமல் சரியாகச் சொல்ல முடிந்தால், காசு கொடுக்கக் காரணம் இருக்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகு, அலையை மறுபடி உருவாக்குவது எங்கே உண்மையிலேயே பலன் தருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். சுழலும் இசைத்தட்டுக் கருவி, அதாவது டர்ன்டேபிள்தான் அதன் சொந்த இடம். பெல்ட் ஓட்டும் டர்ன்டேபிள்கள் பலவற்றில் சிங்க்ரனஸ் மோட்டார் இருக்கிறது. அதன் வேகம் வோல்டேஜைப் பார்ப்பதில்லை, மின்சாரத்தின் ஹெர்ட்ஸைப் பார்க்கிறது. ஹெர்ட்ஸ் இறங்கினால் தட்டு மெதுவாகும். தட்டு மெதுவானால் சுருதி இறங்கும். தென்னிந்திய மின்தொகுப்பில் 2003இல் புதிய கட்டண முறை நடைமுறைக்கு வருவதற்கு முன் ஹெர்ட்ஸ் 48.5க்கும் கீழே இறங்குவது சர்வசாதாரணமாக இருந்தது. அது மூன்று சதவீத வேகக் குறைவு; ஏறத்தாழ அரை ஸ்வரஸ்தானம். எம்.எஸ். பாடிய எல்பியைச் சுருதிப்பெட்டியோடு வைத்துக் கேட்டால் சேராது. ஸ்காட்லாந்தின் லின் நிறுவனம் தன் எல்பி12 டர்ன்டேபிளுக்காக 1982இல் கொண்டுவந்த வல்ஹல்லா என்ற சுற்று, குவார்ட்ஸ் படிகத்தை வைத்துத் தானே 50 ஹெர்ட்ஸை உருவாக்கி மோட்டாருக்குக் கொடுத்தது. ஆடியோ ரீஜெனரேட்டரின் தத்துவம் முழுவதும் அதில் இருக்கிறது. மோட்டார் தின்பது சில வாட் மட்டுமே என்பதால் கருவி சிறியது, சூடாகாதது, பலன் காதுக்கும் அளவுகோலுக்கும் ஒன்றாகத் தெரிவது. 2013 டிசம்பர் 31 அன்று தென் மண்டலம் நாட்டின் மற்ற தொகுப்போடு இணைந்த பிறகு நிலைமை வெகுவாக மாறிவிட்டது. இப்போதைய விதி 49.90 முதல் 50.05 வரை, அதன் கீழ் எல்லையில் நின்றாலும் வேக வித்தியாசம் ஆயிரத்தில் இரண்டுதான். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200எம்கே2 போன்ற குவார்ட்ஸ் கட்டுப்பாட்டு டர்ன்டேபிள்களுக்கு இந்தக் கவலை எப்போதுமே இருந்ததில்லை. ஆனால் அடுக்குமாடியில் டீசல் ஜெனரேட்டரை நம்பியிருப்பவருக்குப் பழைய பிரச்சினை இன்றும் உயிரோடிருக்கிறது. லிஃப்ட் கிளம்பும்போது ஜெனரேட்டர் தடுமாறும், மோட்டாரும் கூடவே தடுமாறும். அங்கே டர்ன்டேபிளுக்கு மட்டும் ஒரு சிறிய ரீஜெனரேட்டரோ, தனி மோட்டார் சப்ளையோ வாங்குவது நல்ல செலவு.

வால்வ் ஆம்ப்ளிஃபையரும் இன்னொரு விதிவிலக்குப் போலத் தெரியும். வால்வின் 6.3 வோல்ட் ஹீட்டர் பத்து சதவீத ஏற்ற இறக்கத்தைத்தான் தாங்கும். நள்ளிரவில் சுவர் 255 காட்டும் தெருவில் வால்வ்கள் சீக்கிரம் தேய்ந்துபோகும். ஆனால் இங்கே வேண்டியது வோல்டேஜ் நிலையாக இருப்பது; அதை சர்வோ ஸ்டெபிலைசர் குறைந்த செலவில் செய்துவிடும். ரிலே வகை ஸ்டெபிலைசர் வேண்டாம். ஒவ்வொரு தடவை படி மாறும்போதும் அது போடும் ‘டக்’ ஓசை ஸ்பீக்கரிலும் கேட்கும்.

ஒலியை விட்டுவிட்டு, செட் செத்துப்போவதற்கான காரணங்களைப் பார்த்தால் செலவின் வரிசை இன்னும் தெளிவாகும். நம் ஊரில் மின்னணுக் கருவிகளைக் கொத்தாகக் கொல்லும் காரணங்களில் முதல் இடம் நியூட்ரல் அறுவதற்குத்தான். மூன்று ஃபேஸ் வரும் தெருவில் அல்லது வீட்டில் பொது நியூட்ரல் கழன்றால், சுமை குறைந்த ஃபேஸில் வோல்டேஜ் 230ஐத் தாண்டி 400 வரை ஏறலாம். டிவி, ஃப்ரிட்ஜ், ஆம்ப்ளிஃபையர் எல்லாம் சில நொடிகளில் புகைந்துவிடும். சாதாரண எம்சிபி இதைத் தடுக்காது, அது மின்னோட்டத்தை மட்டுமே கவனிக்கிறது. ஸ்பைக் கார்டு எனப்படும் போர்டிலுள்ள எம்ஓவி மைக்ரோநொடி அதிர்வுகளுக்காக வைக்கப்பட்டது. நிமிடக்கணக்கில் நீளும் 380 வோல்ட்டை அது எரிந்துதான் எதிர்கொள்ளும். இதற்கு வேண்டியது, வோல்டேஜ் குறிப்பிட்ட எல்லையைத் தாண்டியதும் இணைப்பைத் துண்டித்து, சீரான பின் சில நிமிடங்கள் பொறுத்துச் சேர்க்கும் ஓவர்-வோல்டேஜ் கட்-ஆஃப். மெயின் போர்டில் பொருத்திவிட்டால் வீட்டுக்கே காவல். எலெக்ட்ரீஷியனை அழைக்கும் அதே நாளில் செட்டின் ப்ளக் பாயிண்ட்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மல்ட்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. பத்து, பதினைந்து காட்டினால் எர்த் குழியோ நியூட்ரல் இணைப்போ கெட்டிருக்கிறது. கோடை இடியின்போதும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் ப்ளக்கைப் பிடுங்கி வைப்பதற்கு ஈடான பாதுகாப்புக் கருவியை யாரும் இதுவரை செய்துவிடவில்லை. கேபிள் வயரையும் இன்டர்நெட் வயரையும் சேர்த்தே பிடுங்க வேண்டும்.

இனி தொடர்ச்சிக்கு வருவோம். 2012ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னைக்கு வெளியே பல மாவட்டங்கள் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலாக இருண்டு கிடந்தபோது இன்வெர்ட்டர் இங்கே நடுத்தர வீட்டின் சாமானாகிவிட்டது. ஆகவே பெரும்பாலானவர்களுக்குப் பேட்டரி ஏற்கெனவே இருக்கிறது. செட்டை அதில் ஓட்டலாமா என்பதே கேள்வி. இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகையாக இருந்தால் வேண்டாம். காரணம் வெறும் நம்பிக்கை அல்ல. சைன் அலையின் உச்சம் 325 வோல்ட். ஆம்ப்ளிஃபையரின் கெபாசிட்டர் நிரம்புவது அந்த உச்சத்தை வைத்துத்தான். 230 வோல்ட் ஸ்கொயர் அலையின் உச்சமும் 230தான். எனவே உள்ளே சேரும் நேர்மின் முப்பது சதவீதம் குறையும், ஆம்ப்ளிஃபையரின் உச்சத் திறன் பாதியாகும். கூடவே 150 ஹெர்ட்ஸில் அடிப்படை அலையின் மூன்றில் ஒரு பங்கு ஹார்மோனிக் ஏறுவதால் டிரான்ஸ்ஃபார்மர் உறுமும், சூடாகும். “இன்வெர்ட்டரில் செட் நன்றாகப் பாடாது” என்று ஊரில் நிலவும் பேச்சு இந்த வகையைக் கேட்டு எழுந்தது. சைன் வேவ் இன்வெர்ட்டருக்கு அது பொருந்தாது. ஆனால் சைன் வேவ் வாங்கியவர்களிடமும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு: அது நாள் முழுவதும் கரண்ட்டைச் சுத்தம் செய்கிறது என்று நினைக்கிறார்கள். மின்சாரம் இருக்கும்போது அது ரிலே வழியாக அப்படியே கடந்து போகிறது. சைன் அலை பிறப்பது கரண்ட் போன பிறகுதான்.

கரண்ட் போகும் நொடியில் ரிலே மாறுவதற்கு ஆகும் சிறு இடைவெளி செட்டைக் கெடுக்கும் என்ற பயமும் கணக்குக்கு நிற்பதில்லை. ஒவ்வொரு பக்கமும் 35 வோல்ட்டில் பத்தாயிரம் மைக்ரோஃபாரட் வைத்திருக்கும் நடுத்தர ஆம்ப்ளிஃபையரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வோல்டேஜ் 25க்கு இறங்குவதற்குள் இரண்டு பக்கமும் சேர்ந்து ஆறு ஜூல் ஆற்றலைத் தரும். மென்மையாகப் பாடும்போது 35 வாட் தின்றால் அது நொடியில் ஆறில் ஒரு பங்குக்கு, அதாவது சுமார் 170 மில்லிநொடிக்குப் போதும். நன்றாக முறுக்கி 200 வாட் இழுத்தாலும் 30 மில்லிநொடி தாங்கும். இன்வெர்ட்டரில் யூபிஎஸ் மோடு என்றிருக்கும் சுவிட்சைப் போட்டுவைத்தால் மாறும் நேரம் இதற்குள் அடங்கிவிடும். வோல்டேஜ் மிகவும் தாழ்ந்தாலும் அது காத்திருக்காமல் பேட்டரிக்கு மாறிவிடும். ஆம்ப்ளிஃபையருக்கு வராத ஆபத்து ரவுட்டருக்கும் ஸ்ட்ரீமருக்கும் பாடல்களைச் சேமித்து வைத்திருக்கும் சிறு கணினிக்கும்தான் உண்டு. அவை ஒருமுறை அணைந்தால் மறுபடி எழ நிமிடங்கள் ஆகும். எழுதிக்கொண்டிருக்கும் ஹார்டு டிஸ்க் கெட்டும் போகலாம். அவற்றுக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் வைத்தால் போதும். லித்தியம் செல்களிலிருந்து நேராக நேர்மின் போகிறது. இடையில் மாறுமின்னாக்கும் வேலையே இல்லை.

எப்போதும் மாற்றிக்கொண்டே இருக்கும் ஆன்லைன் யூபிஎஸ் ஒன்றை வைத்தால் இரண்டு வேலையும் ஒன்றாக முடியாதா என்று கேட்கலாம். தத்துவத்தில் முடியும். மருத்துவமனைகளிலும் கணினி மையங்களிலும் இருக்கும் அந்தக் கருவி மாறுமின்னை நேர்மின்னாக்கி, பேட்டரியை நடுவில் வைத்து, மறுபடி மாறுமின்னாக்குகிறது. மாறும் இடைவெளியே கிடையாது, நிலையான ஹெர்ட்ஸ் மோடில் வைத்தால் ஹெர்ட்ஸும் அதற்குச் சொந்தமானது. ஜெனரேட்டரை நம்பியிருக்கும் அடுக்குமாடிக்காரர் டர்ன்டேபிளுக்கு மட்டுமல்லாமல் செட் முழுவதுக்கும் ஒன்றைத் தேடினால், ரீஜெனரேட்டரைவிட இதுவே பொருத்தமானது என்பது என் முடிவு. ஆனால் அதன் விசிறி ஓயாமல் சுற்றும். அந்த ஓசை, நீங்கள் விரட்ட நினைத்த எந்த மின் இரைச்சலையும்விடப் பெரியது. ஆகவே வேறு அறையில் வைத்து வயர் இழுக்க வேண்டும். ஆம்ப்ளிஃபையர் அலையின் உச்சியில் மட்டும் மின்னோட்டத்தைப் பிடுங்கித் தின்பதால் பவர் ஃபேக்டர் 0.6, 0.7 என்றே இருக்கும். 200 வாட் என்று எழுதியிருந்தால் 300 விஏக்கு மேல் கணக்கிடுங்கள். பெரிய டொராய்டல் டிரான்ஸ்ஃபார்மர் சுவிட்ச் போட்ட நொடியில் இழுக்கும் மின்னோட்டத்துக்காக இன்னும் ஒரு மடங்கு இடம் விடுங்கள்.

பேட்டரி எவ்வளவு வேண்டும் என்ற கணக்கு சுலபமானது. 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் டியூபுலர் பேட்டரியில் இருப்பது 1800 வாட்-அவர். ஈய-அமில பேட்டரி நீண்ட நாள் உழைக்க வேண்டுமானால் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது, 900. இன்வெர்ட்டரின் இழப்பு போக 765. ஆம்ப்ளிஃபையர் 35, ஸ்ட்ரீமரும் டாக்கும் 15, ரவுட்டர் 10, பிஎல்டிசி ஃபேன் 30, ஒரு எல்இடி 10 என்று சேர்த்தால் நூறு வாட். ஏழு மணி நேரத்துக்கும் மேல் பாட்டு கேட்கலாம். வால்யூமைக் குறைத்து இதை நீட்டிக்க முடியாது. ஏபி வகை ஆம்ப்ளிஃபையர் சும்மா நிற்கும்போதே அந்த 35 வாட்டில் பெரும்பகுதியைத் தின்றுவிடுகிறது. டி வகை ஆம்ப்ளிஃபையருக்கு மாறினால் நீட்டிக்கலாம். ஏ வகை என்றால் மௌனத்திலேயே 200 வாட் போகும். அதை வைத்திருப்பவர் கரண்ட் இல்லாத நேரத்தில் ஹெட்ஃபோனில் கேட்பதுதான் உசிதம். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி விலை கூடுதல்தான். ஆனால் எண்பது சதவீதம் வரை இறக்கலாம், டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டாம், பல மடங்கு சார்ஜ் சுற்றுகள் தாங்கும். இன்வெர்ட்டரில் லித்தியத்துக்கான சார்ஜ் அமைப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

பேட்டரியை வைக்கும் இடமும் அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது. ஈய-அமில பேட்டரி 25 டிகிரியைக் கணக்கில் வைத்துச் செய்யப்படுவது. ஒவ்வொரு பத்து டிகிரி ஏற்றத்துக்கும் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும். மொட்டை மாடி ஷெட்டும் வெயில் படும் பால்கனியும் அதற்குச் சித்திரவதை. சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளியேறுவதால் மூடிய ஆடியோ அறைக்குள்ளும் வைக்கக் கூடாது. நிழலும் காற்றோட்டமும் உள்ள கீழ்த்தளத்து மூலை நல்லது. அது செட்டிலிருந்து தொலைவாக இருந்தால், நீளும் தூரம் முழுவதும் 230 வோல்ட் பக்கத்தில் இருக்கட்டும். 12 வோல்ட் பக்கத்தில் 600 வாட்டுக்கு 50 ஆம்பியர் ஓடும் என்பதால், பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவிலுள்ள கம்பி தடிமனாகவும், ஒரு மீட்டரை ஒட்டியும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை முனைகள் சுத்தம் செய்யப்பட்டு வாஸ்லின் தடவி இறுக்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும்.